வில்லுக்கும் விரலுக்கும் நாலு நரம்பு

குருநகரில் பாண் சுடும் போறணை வைத்திருந்த கனிசியஸ், கோயிலின் பெரிய பிடிலுக்குப் பொறுப்பாளரானதற்குச் சங்கீதம் காரணமில்லை. தோள்பலந்தான் காரணம். ஊரைவிட்டுப் போகவிருந்த வெள்ளைக்காரச் சுவாமி ஒருவர் அந்த வாத்தியத்தைக் கோயில் பங்குச் சனத்துக்குக் கொடுத்திருந்தார். நிமிர்த்தி வைத்தால் ஆளை விட உயரம். அதைப் பாடகர் மேடைக்கு ஏற்ற நாலு பேர் முக்கிக்கொண்டு நின்றபோது, மாப்பிசைந்து முறுகிய கையால் கனிசியஸ் தனியாளாகத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஏற்றினவரே பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்றார் பாடகர் குழுத் தலைவர் சூசைதாசன் மாஸ்டர். நின்றவருடைய கையில் வில்லையும் கொடுத்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரச் சுவாமி கப்பலேறுமுன் கனிசியஸுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார். நாலு தந்தியில் இரண்டைக் கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் கப்பல் வந்துவிட்டது. மற்ற இரண்டையும் கனிசியஸ் தொடவே இல்லை. அதை ஒருவரும் கண்டுபிடிக்கவும் இல்லை. கோயிலில் ஆர்மோனியம் அவரை மூடிவிடும். கலியாண வீட்டில் சனத்தின் இரைச்சல் மூடிவிடும். பெரிய பிடிலின் சத்தம் காதுக்கு வருவதைவிட வயிற்றுக்கு வருவதே அதிகம். வயிற்றுக்குள் வந்ததற்கு ஆர் சுருதி பார்க்கிறார்கள்? ஆனால் கனிசியஸின் நடை மாறிவிட்டது. பாண் வாங்க வருகிறவர்களிடம் கூட, "இப்ப கொஞ்சம் விரலைப் பாத்துத்தான் பாவிக்கவேணும்" என்று சொல்லத் தொடங்கினார்.

முப்பத்தேழாம் ஆண்டு ஆவணி மாதாத் திருநாளன்று பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. சுவாமியார் நரகத்துக்கு வந்து சேர்ந்த இடத்தில், உப்புக்காற்றில் இற்றுப்போயிருந்த பிடில் நரம்பு ஒன்று படாரென்று அறுந்தது. முன்வரிசைக் கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அந்த வருஷம் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த கூட்டம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. என்றாலும் நாலையும் மாற்றிப் புது நரம்பு போடத்தான் வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. கொழும்புக் கடைக்கு எழுதினார்கள். கடைக்காரன் ஒரேயொரு கேள்வியைத் திருப்பிக் கேட்டான்: வில்லால் வாசிக்கவா, விரலால் வாசிக்கவா?

அந்தக் கேள்வி பங்கை இரண்டாகப் பிளந்தது.

சங்கதி இதுதான். உருக்குக் கம்பி போட்டால் வில் பட்டவுடனே வழவழவென்று பாடும். ஆனால் விரலால் சுண்டினால் சைக்கிள் கம்பியைத் தட்டினதுபோல 'டிங்' என்று கிளம்பி, அடுத்த பாட்டு வரைக்கும் அடங்காது. ஆட்டுக்குடல் நரம்பு போட்டால் சுண்டும்போது 'தும்' என்று உருண்டு விழுந்து, வந்த வேலை முடிந்ததும் அடங்கும். ஆனால் வில்லை வைத்தால் குங்கிலியம் எவ்வளவு பூசினாலும் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

பூசைக்கு வில். கலியாண வீட்டுப் பைலா ஆட்டத்துக்கு விரல். ஆகவே சூசைதாசன் மாஸ்டர் நாலும் கம்பியாக வேண்டும் என்றார். கலியாண வாத்தியக் கோஷ்டியை வைத்து நடத்திய பிலிப்புச் சம்மாட்டி, நாலு வள்ளத்துக்கும் ஒரு பெரிய வலைக்கும் சொந்தக்காரர், நாலும் நரம்பாக வேண்டும் என்றார். தை மாதம் அவருடைய மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை கொழும்பில் உத்தியோகம். கொழும்புச் சம்பந்திகளுக்கு முன்னால் 'டிங்' என்று கேட்டால் மானம் என்னாவது?

இரண்டு பக்கமும் கனிசியஸைப் பிடிக்கப் பார்த்தது. வாசிக்கிற ஆளின் வாயால் வந்தால் அதற்கொரு நிறை உண்டல்லவா? சம்மாட்டி வீட்டிலிருந்து பாரைமீன் வந்தது.

"எங்கடை பக்கந்தானே, கனிசியஸ்?"

"ஓம் சம்மாட்டியார். நரம்பு நரம்புதான்."

மாஸ்டர் திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் குடை பிடிக்கும் உரிமையை வாங்கித்தருவதாகச் சொன்னார்.

"கம்பியெண்டு ஒரு சொல்லுச் சொல்லும், காணும்."

"ஓம் மாஸ்டர். கம்பிக்குக் கிட்ட ஒண்டும் நிக்காது."

மீன் குழம்பை இறக்கி வைத்துக்கொண்டு மனைவி சிசிலியா கேட்டாள்: "இஞ்சேருங்கோ, மீனும் வாங்கிறியள், குடையும் வாங்கிறியள். பிடில் ஒண்டுதானே கிடக்கு?"

"உனக்கு உந்தச் சங்கீத விஷயம் விளங்காது."

"உங்களுக்கு விளங்குமோ?"

கனிசியஸ் தலையைக் குனிந்து முள் எடுத்தார்.

கோயில் கமிற்றி கூடியது ஒரு வெள்ளிக்கிழமை. அதில் இருந்தவர்களில் ஒருவராவது பிடிலைத் தொட்டவரில்லை. அதனால் எல்லாருக்கும் கதைக்கப் பயமிருக்கவில்லை. மாஸ்டரின் ஆள் ஒருவர் எழுந்து பெரிய கேள்வி ஒன்றைப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை மாமிசம் விலக்கு. பாட்டுப் பழகிறதும் வெள்ளிக்கிழமை. அண்டைக்கு ஆட்டுக்குடலைத் தேய்க்கிறது பாவமில்லையோ, சுவாமி?"

சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேதசாஸ்திரம் படித்த எந்த இடத்திலும் இந்தக் கேள்வி அவருக்கு வந்திருக்கவில்லை.

"கடிச்சுத் தின்னாட்டில் பாவமில்லை" என்றார்.

சம்மாட்டியின் ஆட்கள் கைதட்டினார்கள். பிறகு வாக்கெடுத்தார்கள். இரண்டு பக்கமும் சரிசமமாக வந்தது. கனிசியஸ் மட்டும் கை தூக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் தன்மேல் விழுந்தபோது, போறணையில் பாண் கருகப்போகிறதென்று சொல்லி எழுந்து வந்துவிட்டார்.

அவர் இல்லாத நேரத்தில் சமாதானம் செய்தார்கள். இரண்டு கம்பி, இரண்டு நரம்பு. எது எங்கே என்பதில் மறுபடி சண்டை வந்தது. தடித்த பக்கமும் மெல்லிய பக்கமும் ஒரே கட்சிக்குப் போய்விடக்கூடாதாம். ஆகவே ஒன்றைவிட்டு ஒன்று: கம்பி, நரம்பு, கம்பி, நரம்பு. வரிசையைக் கேட்ட கொழும்புக் கடைக்காரன் என்ன நினைத்தானோ, பேசாமல் அனுப்பிவிட்டான்.

பூட்டிப் பார்த்தபோது கனிசியஸுக்கு அழுகை வந்தது. நாலும் நாலு வீட்டுப் பிள்ளைகள்போல ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன. கம்பி இழுத்த இழுவையில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கட்டை சரிந்தது. மாரிமழையில் நரம்பு ஈரங்குடித்துச் சுருதி மாறியது. கம்பி அசையவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் யோசித்ததும் அழுகை நின்றுவிட்டது. தனக்குத் தெரிந்த இரண்டில் ஒன்று கம்பி, ஒன்று நரம்பு! பாலன் பிறந்த நத்தார்ப் பகல் பூசையில் வில்லால் அந்தக் கம்பி ஒன்றை மட்டும் வாசித்தார். மாஸ்டர் கண்ணீர் விட்டு, "பாத்தீரே, கம்பியின்ரை குணத்தை" என்றார். தை மாதக் கலியாணத்தில் விரலால் அந்த நரம்பு ஒன்றை மட்டும் சுண்டினார். சம்மாட்டி தோளைத் தட்டி, "நரம்பெண்டால் இதுதான்ரா நரம்பு" என்றார். இரண்டு கட்சியும் வென்றது. குடையும் கிடைத்தது, மீனும் நிற்கவில்லை.

அந்தக் கலியாணத்துக்குத்தான் மாப்பிள்ளை பக்கத்தோடு யான்ஸ் என்றொரு பறங்கித்துரை வந்திருந்தார். கொழும்பு ஹோட்டல் ஒன்றின் பாண்ட் கோஷ்டியில் இதே வாத்தியத்தை வாசித்து வயதுபோனவர். சாப்பாடு முடிந்து சனம் வெற்றிலைத் தட்டைத் தேடிப்போன நேரம், பந்தல் மூலையில் சாத்தியிருந்த பிடிலை எடுத்து வில்லை நாலிலும் ஒரே இழுவையாக இழுத்தார். முதலாவது பாடியது, இரண்டாவது செருமியது, மூன்றாவது கீச்சிட்டது, நாலாவது கொட்டாவி விட்டது. துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது ஆர் பூட்டினது, அப்பா?"

"கமிற்றி, துரை."

"நீர் இதிலே வாசிக்கிறதா? நாலிலும்?"

கனிசியஸ் பிடிலை வாங்கக் கையை நீட்டினார். துரை, தந்தி அழுத்தின காய்ப்பைத் தேடி அவருடைய இடதுகை விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அதுதான் கனிசியஸைச் சுட்டது. இத்தனை வருஷம் பூசையிலும் பந்தலிலும் நெஞ்சை நிமிர்த்தி நின்ற மனிதன், ஒரு கிழவர் கேட்காமல் விட்ட கேள்விக்குக் கூனிப்போனார்.

"மெல்லிய ரெண்டும் வெறும் நரம்பு போடவேணும்" என்றார் துரை, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு. "தடிச்ச ரெண்டும் நரம்புக்கு மேலே கம்பி சுத்தினது. உள்ளே நரம்பு இருக்கிறபடியால் விரலுக்குத் 'தும்' வரும். மேலே கம்பி இருக்கிறபடியால் வில்லுக்கு வழுக்கும். ஆனால் ஒண்டு சொல்லுறன். வில்லுக்கு முழுத் திருப்தி வராது. விரலுக்கும் முழுத் திருப்தி வராது. ரெண்டு வீட்டுக்கும் போறவன் ரெண்டு வீட்டிலும் அரைவயிறுதான். மிச்சத்தைக் கை பாக்கவேணும்."

"கை பாக்குமோ, துரை?"

"பழகினால்."

துரை கொழும்புக்குத் திரும்பி அந்த வகை நரம்பை அனுப்பிவைத்தார். ஒவ்வொரு தந்திக்கும் விரல் வைக்கிற இடங்களைத் தன் கையாலே படமாகக் கீறி உள்ளே மடித்து வைத்திருந்தார். கனிசியஸ் ஒருவருக்கும் சொல்லவில்லை. உபவாசமிருக்கும் தவசு காலம் பிறந்தது. கோயிலில் வாத்தியம் கூடாத நாட்கள். மழை ஈரம் பிடிலைத் தின்றுவிடும் என்று சுவாமியாரிடம் சொல்லி, அதை வண்டிலில் ஏற்றிப் போறணைக்குக் கொண்டுவந்தார். மழை போய் மாதமாகியிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

காலைப் பாண் விற்று முடிந்து போறணை இளஞ்சூட்டில் கிடக்கும் பகல்வேளைகளில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார். முதல் கிழமை கேட்ட சத்தத்துக்குப் பக்கத்து வளவு நாய்கள் அடுத்த ஒழுங்கைக்கு இடம் மாறின. தொடாத தந்தி இரண்டும், இவ்வளவு காலம் எங்கே போயிருந்தாய் என்று கேட்பதுபோலத் திமிறின. விரல் நுனி கொப்பளித்தது, பிசையும்போது உப்புப் பட்டு எரிந்தது. துரை சொன்னது சரிதான். வில்லைக் கொஞ்சம் அழுத்தினால் நரம்பு கனைத்தது, அழுத்தாவிட்டால் பேசவே மறுத்தது. எவ்வளவு அழுத்தலாம் என்பதை மாவைத் தொட்டுப் பார்த்துப் பதம் அறிவதுபோல மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டார். சுண்டும்போது விரல் நுனியால் அல்ல, விரலின் பக்கத்துத் தசையால் இழுக்கவேண்டும் என்பதும் அப்படித்தான் வந்தது.

"தவசு காலத்திலை உதென்ன கூத்து?" என்றாள் சிசிலியா.

"இதுதான் என்ரை தவசு."

"எங்களுக்குமல்லோ தவசாய்க் கிடக்கு."

உயிர்த்த ஞாயிறு வந்தது. பாடற்பூசையில் 'குளோரியா' தொடங்கியது. ஆர்மோனியத்துக்குக் கீழே ஏதோ ஒன்று நிலத்திலிருந்து எழும்பி வந்து, பாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தது. சனம் திரும்பிப் பார்த்தது. சிறுபிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். கனிசியஸின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பூசை முடிந்து இறங்கும்போது, இந்த முறை உண்மையாகவே ஒரு நல்ல சொல்லுக்குக் காத்திருந்தார்.

சூசைதாசன் மாஸ்டர் ஓடி வந்தார்.

"கனிசியஸ், என்ன வேலை பாத்தனீர்? பிடில் கேக்குது!"

"கேக்கத்தானே, மாஸ்டர்..."

"இவ்வளவு காலமும் ஒரு முறைப்பாடு வந்ததோ? இண்டைக்கு நாலு பேர் வந்து கேக்கினம், ஆர் அது வாசிக்கிறதெண்டு. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை!"

அடுத்த கிழமை ஞானஸ்நான வீடொன்றில் சம்மாட்டியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சனம் ஆடாமல் உம்மைப் பாத்துக்கொண்டு நிக்குது. சாப்பாடு ஆறிப்போச்சு. முந்தி எவ்வளவு நல்லாய் இருந்தது!"

கம்பியும் நரம்பும் காணாமல் போனது தெரிந்ததும், அதுவரை முகம் பார்த்துக் கதைக்காத இரண்டு கட்சியும் ஒன்றாய்ச் சேர்ந்தன. ஆரைக் கேட்டு மாற்றினார் என்று விசாரிக்கக் கமிற்றி மறுபடி கூடியது. கனிசியஸுக்கு ஆள் அனுப்பினார்கள். பாரைமீன் நின்றுபோய் அப்போது கிழமைகளாகிவிட்டன. குடையையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் போகவில்லை. "வேலையாய் நிக்கிறாரெண்டு சொல்லிவிடு" என்று சிசிலியாவிடம் சொல்லிவிட்டுப் பிடிலை நிமிர்த்தினார். முதலில் வில்லால் ஒரு பாட்டு. பிறகு வில்லை மாச்சாக்கின்மேல் வைத்துவிட்டு, அதே பாட்டை விரலால். இரண்டுமே கொஞ்சம் குறையாகத்தான் இருந்தன. வந்தவனை அனுப்பிவிட்டு உள்ளே வந்த சிசிலியா, மா அரித்தபடி பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அரிதட்டு நின்றது.

"அந்த அடித் தந்தியிலை ஒருக்கா வந்ததே," என்றாள், "அதைத் திருப்பி வாசியுங்கோ."