சர்க்கரை இல்லை என்று எழுதிய படிவம்

பள்ளிக்கூட அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக அட்மிஷன் படிவம் வாங்கிப் போடுகிறவள் நான். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "பொய் எழுதாதீங்க, பின்னாடி பிள்ளைக்குத்தான் கஷ்டம்" என்று எத்தனை அப்பன் அம்மாவிடம் வாய் கிழியப் பேசியிருப்பேன்! அப்பேர்ப்பட்ட நான்தான் மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டு முழித்தேன்.

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன வருடம் நெஞ்சு வலி வந்தது. அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருந்தார். பெரிய தனியார் ஆஸ்பத்திரியிலேயே செலவில்லாமல் பார்த்து, பத்து நாளில் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்கே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. வீட்டுக்காரருக்குப் பைக் மெக்கானிக் கடை. எங்களிடம் எந்த அட்டையும் இல்லை.

சரி, அரசு அட்டையை வாங்கிவிடுவோம் என்று இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் இருந்த பெண் எங்கள் ரேஷன் கார்டைப் பார்த்தாள்.

"வருமானச் சான்று வேணும்க்கா. கார்டுல இருக்க எல்லாரு வருமானத்தையும் சேத்துத்தான் பாப்பாங்க. இது யாரு, மகளா? வேலைக்குப் போகுதா?"

"சென்னையில கம்பெனி வேலை."

"அப்ப வருமான வரம்பைத் தாண்டிரும்க்கா. மகளுக்குக் கல்யாணம் ஆனதும் கார்டுல பேரை எடுத்துட்டு வாங்க, போட்டுரலாம்."

காப்பீடு கேட்டுப் போன இடத்தில் மகளுக்குக் கல்யாணம் பண்ணச் சொல்கிறாள்! எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அடுத்த வாரம் வார்டு ஆபீசில் முகாம் போட்டிருந்தார்கள். அங்கே கேட்டால், வேறு அட்டை ஒன்று இருக்கிறது, அதற்கு வருமானம் பார்க்க மாட்டார்கள், ஆனால் எழுபது வயது ஆகியிருக்க வேண்டும் என்றார் ஒருவர். எனக்கு ஐம்பத்திரண்டு. அதுவரை என் உடம்பு பொறுமையாக உட்கார்ந்திருக்குமா?

மகளுக்கு அப்போதுதான் இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீடு விளாங்குடி, பையனும் சென்னையில்தான் வேலை. பெண் பார்க்க வருவதற்கு முன்பே வீட்டுக்காரர் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு எச்சரித்தார்.

"இந்தா, சுகரு கிகருன்னு வாயத் தொறந்துராத. ஆத்தாளுக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு எந்திரிச்சுப் போயிருவாய்ங்க."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மாத்திரையைக் காலிப் பெருங்காய டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். தினமும் காலையில் பெருங்காய வாசத்தோடுதான் மாத்திரை உள்ளே போகும். பூ வைக்கிற அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா தட்டை நீட்டியபோது, எல்லோரும் பார்க்கட்டும் என்று இரண்டு ஜாங்கிரியை எடுத்துச் சாப்பிட்டேன். அதற்கு மேல் ஒரு ஜிகர்தண்டா வேறு. மகள் எதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருந்தாள். சீக்கிரம் பரிமாறச் சொல்கிறாள் போல என்று எழுந்து போய்ப் பந்தியைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் கால் இரண்டும் மரத்துப் போய்க் கிடந்தன.

அதன் பிறகுதான் தனியார் காப்பீட்டுக் கூத்து. வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒருத்தர் குடும்பத்துக்கே ஒரே பாலிசி போடு என்றார். அடுத்தவர் அப்படிப் போட்டால் ஏமாந்தாய் என்றார். இன்னொருவர் அறை வாடகைக்கு உச்சவரம்பு இல்லாததாகப் பார் என்றார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. இதைப் பேச்சுவாக்கில் மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனில் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"அட, அதுக்கு ஏன் மதினி அலையுறீங்க? என் தம்பி ஏஜெண்டாத்தான இருக்கான். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாரேன்" என்றார் அவர்.

மாப்பிள்ளையின் தாய்மாமன்! வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அவரை விட்டுவிட்டு வேறு ஆளிடம் போட்டால் கல்யாண மேடையில் முகத்தில் முழிக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். தாய்மாமன் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். பெயர், வயது, உயரம், எடை எல்லாம் போயின. அப்புறம் தாய்மாமன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"அக்காவுக்குச் சுகரு, பிரசரு, தைராய்டு ஏதாச்சும் இருக்கா?"

எனக்குப் பக்கென்றது. வீட்டுக்காரர் என்னை முந்திக்கொண்டார். "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது."

தாய்மாமன் என் முகத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் பார்த்தார். "இல்ல தம்பி" என்றேன். 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்தும் விழுந்தது.

கிளம்பும்போது தாய்மாமன் சொன்னார்: "அக்காவுக்கு ஐம்பது தாண்டிருச்சுல்ல, ரத்தம் எடுக்க ஆள் வரும். ரிசல்ட்டு எனக்கு வந்துரும், நான் பாத்துக்கிறேன்."

ரிசல்ட் அவருக்கா வரும்! அவர்கள் வண்டி தெருமுனை தாண்டியதும் நான் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "உங்க வாயில என்ன சனியனா உக்காந்திருந்துச்சு?" அவரும் விடவில்லை. "நான் சொன்னேன் சரி, நீ ஏன் மண்டைய ஆட்டுன?"

பொய் தெரிந்தால் கல்யாணம் நிற்கும். மறைத்துப் பாலிசி வாங்கினால் நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுக்கும்போது பணம் தரமாட்டேன் என்பார்கள். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு அறிவுகெட்ட வழியைப் பிடித்தேன். ரத்தம் எடுக்க ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரமும் பாகற்காய்ச் சாறு, ஊறவைத்த வெந்தயம், மதியத்துக்கு வெறும் கீரை. காலையும் மாலையும் வில்லாபுரத்துத் தெருக்களை அளந்தேன். "என்ன டீச்சர், மக கல்யாணத்துக்கு இளைக்கிறீங்களா?" என்று காய்கறிக் கடைக்காரர் கிண்டல் பண்ணினார். நான் டீச்சரும் இல்லை, இளைக்கவும் இல்லை. தலை மட்டும் கிறுகிறுவென்று சுற்றியது. ஆனாலும் ஆறாம் நாள் வீட்டு மிஷினில் பார்த்தபோது நம்பர் ஒழுங்காக இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை லேப் தம்பி வந்தான். ஒரு டியூப் எடுத்தான். பிறகு இன்னொன்றையும் எடுத்தான்.

"இது எதுக்குப்பா?"

"மொதல்லது இன்னைக்கு எம்புட்டு சுகருன்னு பாக்கம்மா. இது மூணு மாசச் சராசரிக்கு."

"மூணு மாசமா?"

"ஆமாம்மா. நெறையப் பேரு ஒரு வாரம் பட்டினி கெடந்து டெஸ்ட்டுக்கு வருவாங்க. இதுல ஏமாத்த முடியாது" என்று சிரித்துக்கொண்டே பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னான்.

மூன்று மாதம். அதற்குள் பூ வைத்த நாள் வருகிறது. அந்த இரண்டு ஜாங்கிரியும் ஜிகர்தண்டாவும் டியூபுக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரான் பிள்ளைகளின் படிவத்தையெல்லாம் கட்டம் கட்டமாகப் பார்த்தவள், பெற்ற மகள் வாழ்க்கையில் இப்படி மண்ணைப் போட்டுவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கு லீவு சொன்னேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. ரிசல்ட் போய்ச் சேர்வதற்குள் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி விளாங்குடி பஸ் ஏறினேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கதவைத் திறந்ததும் வாசலில் நின்றபடியே கொட்டிவிட்டேன்.

"மதினி, எனக்கு ஆறு வருசமாச் சுகரு இருக்கு. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். என் மேல என்ன கோவம்னாலும் படுங்க, என் மகளை மட்டும் ஒதுக்கிராதீங்க."

அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்தது கதை என்று உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் காப்பியோடு வந்தார். ஒரு வாய் குடித்தேன். அதில் சர்க்கரை இல்லை.

"குடிங்க மதினி. உங்க மக மொத தடவ என் மகன்கிட்டப் போன்ல பேசுனப்பவே சொல்லிருச்சு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு நீங்க ரெண்டு ஜாங்கிரிய எடுத்தீங்க பாருங்க, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. தட்டைப் புடுங்கவா முடியும்? ஃபார்ம் எழுதுற அன்னைக்கும் நீங்களாச் சொல்லுவீகன்னு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். உங்க வீட்டு அண்ணன் இல்லைன்னுட்டாரு. சபையில வச்சு அவரைப் பொய்யராக்க மனசு வரல. என் தம்பிகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அங்கேயே அவருடைய தம்பிக்குப் போன் போட்டார். இன்னும் பாலிசி வரவில்லை, இப்போதே 'ஆம்' என்று திருத்திவிடலாம் என்றார் தாய்மாமன். பிரீமியம் கொஞ்சம் கூடும், சர்க்கரையால் வருகிற வைத்தியத்துக்குச் சில வருடம் காத்திருக்க வேண்டும், மற்றதெல்லாம் கிடைக்கும், கல்யாணத்துக்குப் பிறகு அரசு அட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டும் இருந்தால் எதை முதலில் நீட்டுவது என்று கேட்டேன். அவர் விளக்கினார். பாதிதான் புரிந்தது. சரி சரி என்றேன்.

பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து மகளுக்குப் போன் போட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"ஏண்டி, எல்லாத்தையும் சொல்லிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே? நான் பாகக்கா ஜூஸ் குடிச்சுச் சாகுறேன்!"

"சொன்னா நீ ஒப்பாரி வச்சிருப்ப. ஜாங்கிரிய எடுக்காதன்னு அம்புட்டு நேரம் மொறச்சேன், நீ பந்தி பாக்க எந்திரிச்சுப் போயிட்ட. நான் அவருகிட்டப் போட்ட கண்டிசனே அது ஒண்ணுதாம்மா. மாசாமாசம் மொத சனிக்கிழமை மதுரைக்கு வந்து உன்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவேன், கல்யாணத்துக்கு அப்புறமும் வருவேன், அதுக்குச் சம்மதமான்னு கேட்டேன். சரின்னாரு. அதுக்கு அப்புறந்தான் வீட்டுக்கே வரச் சொன்னேன்."

என்னத்தைச் சொல்வது என்று தெரியாமல், "கல்யாணம் முடிஞ்சதும் நம்ம கார்டுல இருந்து உன் பேரை எடுக்கணுமாம்டி" என்றேன்.

"எடுத்துக்க. டாக்டருக்கு டோக்கன் போட்டு வையி, சனிக்கிழமை வாரேன்."

வில்லாபுரம் பஸ் வந்து நின்றது. கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது.