இன்னொரு முனியாண்டி

ஜப்பானிய அதிகாரி தினமும் காலையில் என் அறை வாசலில் நின்று "ஏ" என்பார். நம் ஊரில் அப்படிக் கூப்பிட்டால் தகராறுதான். அவர்கள் மொழியில் ஓவியத்துக்குப் பெயரே அதுதான் என்று எனக்குப் புரியப் பல நாளாயிற்று. நான் சுங்கைப்பட்டாணியில் ஓவிய ஆசிரியர். சண்டை வந்து பள்ளியை மூடியபின், இவருக்கு நீர்வண்ணம் சொல்லித்தர பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு என்னைக் கொண்டுவந்திருந்தார்கள். கும்பகோணத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் தீட்டத் தீட்ட வண்ணம் காய்ந்துவிடும். இங்கே காற்றே ஈரம். வானத்துக்கு வைத்த நீலம் மரங்களுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். என் மனமும் அப்படித்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. கப்பல் இல்லை, ஊரிலிருக்கும் மனைவி, மகளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. தோட்டத்து ஆண்களைச் சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துப்போய்க்கொண்டிருந்தார்கள்.

பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் பாக்கியத்தின் கணவர் முனியாண்டியையும் பிடித்துக் கூலிம் டவுனில் அடைத்துவிட்டார்கள். "சார், நீங்க சொன்னா அவன் கேப்பான்லா. எங்க வீட்டுக்காரர விடச் சொல்லுங்க" என்று வந்து நின்றாள். முனியாண்டியைச் சயாமுக்கு அனுப்ப வேண்டாம் என்று அரைகுறை மலாயில் அதிகாரியிடம் கெஞ்சினேன். முனியாண்டி என்று சொல்லிப் பார்த்து அவர் தலையாட்டினார்.

அந்த வாரமே லாரி வந்தது. இறங்கியவன் வேறொரு முனியாண்டி. அடுத்த தோட்டத்து இளைஞன். என் காலில் விழுந்து அழுதான். மற்றவர்களுக்கு மறுநாள் ரயில் என்றான். ஆள் மாறியதைச் சொல்ல அதிகாரியின் பங்களாவுக்கு ஓடினேன். பாக்கியம் வழியை மறித்தாள்.

"மாறிப்போச்சுன்னு சொன்னா இவனத் திரும்ப ஏத்திருவாங்க சார். இவனும் ஒரு தாய் பெத்த பிள்ளதானே."

இன்னும் ஒரு முனியாண்டி இருக்கிறார் என்று மட்டும் அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். முனியாண்டிதான் வந்தாயிற்றே என்று அவர் சிரித்தார். மேலும் வற்புறுத்தினால் வந்தவனைக் கூப்பிட்டு விசாரிப்பார். "பாகுஸ்?" என்றார், நன்றாயிற்றா என்று. "பாகுஸ்" என்றேன்.

ஏன் இன்னும் ஊர் திரும்பவில்லை என்று கடிதத்தில் கேட்கிறீர்கள். சண்டை ஓய்ந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் கிளம்பத்தான் கிளம்பினேன். பினாங்குக் கப்பலைப் பிடிக்க, கும்பகோணத்து மளிகைக்கடைக்காரர் ஒருவரோடு சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை ஏற்றி நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எதிரே சயாமிலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. எலும்பும் தோலுமாக ஆட்கள் இறங்கினார்கள். கணவரைத் தேடி வந்திருந்த பாக்கியம் ரயில்பெட்டி ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் கணவரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் இறங்கி அவள் பின்னால் நடந்தேன், ஒவ்வொரு முகத்தையும் பார்த்தபடி. அவர் வரவில்லை. முகாமில் காய்ச்சலில் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். அவள் அதைக் காதில் வாங்காமல் அடுத்த பெட்டிக்குப் போனாள். நான் திரும்பிப் பார்த்தபோது என் வண்டி புறப்பட்டிருந்தது.

மளிகைக்கடைக்காரர் என் பெட்டியைப் பத்திரமாக ஊரில் வீட்டில் சேர்த்துவிட்டார். மனைவி என் வேட்டிகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாளாம். நான் இங்கே, வடக்கேயிருந்து வண்டி வரும் நாட்களில், மறுபடி திறந்த பள்ளியில் வகுப்பு முடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போகிறேன்.