அடுத்த வாரம் கிணற்றடியில்…

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோழி மங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மங்கை ஒரு வார இதழில் க்ரைம் தொடர் எழுதுகிறாள். கதை ஒரு சுவீடன் நாவலைத் தழுவியது. அதை அவள் மறைப்பதும் இல்லை.

"அங்க எழுதுறவங்களுக்கு இது ஒரு விளையாட்டுடி. புதுக் கதைக்குள்ள பழைய கதையை ஒளிச்சு வைப்பாங்க. இந்த நாவல்ல கொலைகாரனே ஒரு பழைய துப்பறியும் கதையைப் படிச்சுத்தான் திட்டம் போடுறான்!"

கதை இதுதான்: மனைவியின் சாவியை, கண்ணாடியைக் கணவன் ஒளித்து வைக்கிறான். 'அவளுக்கு மறதி' என்று ஊரெல்லாம் சொல்கிறான். நாளை அவள் தவறி விழுந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? சுவீடனில் அவள் விழுவது உறைந்த ஏரியில். மங்கை அதைத் தோப்புக் கிணறாக்கிவிட்டாள்.

காலிங் பெல் அடித்தது. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள். பெயர் சரோஜா. வத்திராயிருப்பிலிருந்து பஸ் ஏறி, வீடு விசாரித்து வந்தாராம். வாசகி! மங்கைக்குப் பெருமை தாங்கவில்லை.

கொடுத்த தண்ணீரை அவர் குடிக்கவில்லை.

"அடுத்த வாரம் என்னம்மா நடக்கும்? சொல்லிருங்க. நான் முன்கூட்டியே கிளம்பிரணும்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுலயும் சாவி காணாமப் போவுது. எனக்கு மறதின்னு அவிய எல்லார்ட்டயும் சொல்லிட்டாக. போன வாரம் கதையில கிணத்துச் சுவர இடிச்சீக. மறுநாளே எங்க தோப்புல ஆள் வச்சு இடிச்சிட்டாக… ரிப்பேராம்."

மங்கையின் குரல் இறங்கிவிட்டது. "உங்க வீட்டுக்காரர்… இதைப் படிப்பாரா?"

"எனக்கு முந்தி அவியதான் படிப்பாக."

மனைவி கிணற்றில் விழும் அடுத்த அத்தியாயத்தை மங்கை ஏற்கெனவே அனுப்பியிருந்தாள். உடனே இதழுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னாள். பிறகு மூவரும் ராஜபாளையம் பஸ் ஏறினோம். அங்கேதான் சரோஜாம்மாளின் மகள் வீடு, மருமகன் போலீஸ்.

தொடர் ஆரம்பிக்கும் முன்பே சாவிகள் தொலையத் தொடங்கிவிட்டன என்று பஸ்ஸில் சொன்னார். அப்படியென்றால் சுவர் மட்டும்தான் மங்கை சொல்லிக் கொடுத்ததா? அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் எங்களை நம்பவில்லை. "அம்மாவுக்கு மறதி வந்துருச்சுன்னு அப்பா சொன்னாரு. நீங்க கதை எழுதுறவங்க… உங்களுக்கு எல்லாமே கொலையாத்தான் தெரியும்."

நியாயம்தானே? எனக்கே சந்தேகம் — ஒருவேளை நிஜமாகவே மறதியோ? கதை படித்துப் பயந்துபோன மனமோ?

அப்போது மகளின் போன் அடித்தது. அப்பா. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, உங்கம்மையக் காணோம். கிணத்துல ஆள் இறக்கிப் பாக்கச் சொல்லிருக்கேன். சீக்கிரம் கிளம்பி வா."

குரலில் அழுகைகூட இருந்தது. 'அங்கே வந்தாளா' என்று மட்டும் கேட்கவே இல்லை.

மகள் போனை அணைத்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, நீ இனி அங்க போக வேண்டாம்."

மருமகன் வந்ததும் மாமியாரை அழைத்துப்போய்ப் புகார் கொடுத்தார். விசாரணை நடக்கிறது. சரோஜாம்மாள் ராஜபாளையத்திலேயே இருக்கிறார். பனி பெய்கிற தேசத்தில் யாரோ கற்பனை செய்த புருஷன், நம்ம ஊர்த் தோப்பில் நிஜமாக உலவுகிறான். கதை இடம் மாறிக்கொள்ளும்; இந்தப் புருஷன்களுக்குப் பாஸ்போர்ட்கூட வேண்டாம்.

சரி, உங்கள் மனைவியைக் காணவில்லை என்றால், நீங்கள் முதலில் எங்கே தேடுவீர்கள்?