கையில் ஒரு கால்வாய்

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினேழு வருஷமாக இஸ்திரி போட்ட அவளை எல்லோரும் 'சூட்டக்கா' என்றே கூப்பிட்டார்கள். பாதி இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்காக, பாதி அவள் நாக்கின் சூட்டுக்காக. தினமும் இருநூறு படுக்கை விரிப்பு, அதுபோக டாக்டர்களின் கோட்டுகள். வலது முழங்கைக்குக் கீழே வலி வந்த முதல் வருஷம் தைலம் தேய்த்துச் சமாளித்தாள். இரண்டாம் வருஷம் சட்டைக் கை உரசினாலே உயிர் போனது.

எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சலவைக்கூட மேற்பார்வையாளர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கே சூட்டக்கா. வேலைன்னா மட்டும் வலிக்குதோ?"

அது சுருக்கென்று தைத்தது. வீட்டில், பஸ் ஓட்டுகிற கணவர், "வேலைய விட்டுத் தொலை" என்றார்.

"விட்டா, நடிச்சேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ங்க."

அடுத்த வாரம் ஒரு கோட்டுப் பையில் மடித்த நோட்டீஸ் கிடைத்தது. தசை வலி ஆராய்ச்சிக்கு, நெடுநாள் வலி உள்ளவர்கள் தேவையாம். சாப்பாட்டு இடைவேளையில், அதில் போட்டிருந்த மூன்றாம் மாடிக்கு ஏறினாள். ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா உட்காரவைத்துப் பேசினார்.

"தசைக்குள்ள வர்ற நரம்போட நுனியில அயனிக் கால்வாய்கள் இருக்கும்மா."

"கையில ஏது டாக்டர் கால்வாய்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சரி, கதவுன்னு வெச்சுக்கோங்க. தசை ஓயாம உழைச்சா உள்ளே அமிலம் சேரும். அது பட்டதும் சில கதவுங்க திறக்கும். உப்புத் துகள் நரம்புக்குள்ள பாயும், வலிக்குதுன்னு மூளைக்குச் சேதி போகும். வருஷக்கணக்கா இப்படியே போனா, லேசாத் தொட்டாலே திறந்துக்கும்."

"ஸ்கேன்ல தெரியாதா?"

"அவ்வளவு சின்னது. எப்படித் தெரியும்?"

சோதனை நாலு தடவை. லேசான அமிலநீரைக் கைத்தசையில் ஏற்றுவார்கள். இரண்டு தடவை அதில் கதவை அடைக்கும் மருந்து இருக்கும். எந்தத் தடவை என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். நிமிஷத்துக்கு ஒரு தரம், வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும்.

முதல் நாளே எட்டைத் தொட்டது. கண்ணில் நீர் முட்டியது. "நிறுத்தட்டுமா?" என்றாள் நர்ஸ்.

"எட்டுன்னு எழுதும்மா."

மூன்றாம் தடவை, வலி மூன்றைத் தாண்டவே இல்லை. அவள் விரல்களை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாலாவது முடிந்ததும் டாக்டரம்மாவிடம், "அந்த மருந்தை எனக்கு எழுதிக் குடுங்க" என்றாள்.

"இன்னும் மாத்திரையா வரலம்மா. வருஷக்கணக்கா ஆகலாம். வராமலும் போகலாம்."

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு, "அப்போ நீங்க சொன்ன விஷயத்தையாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

டாக்டரம்மா கொடுத்த கடிதத்தை மேற்பார்வையாளர் இரண்டு தடவை படித்தார். "இதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ரெண்டு மணி நேரம் இஸ்திரி, ரெண்டு மணி நேரம் மடிப்பு. மாத்தி மாத்திப் போடுங்க. எனக்கு மட்டும் இல்ல, இங்கே வேலை பாக்குற ஒன்பது பேருக்கும்."

"அதெல்லாம் சரிப்படாது."

மறுநாள் காலையும் அவர் மேஜைமுன் போய் நின்றாள். அதற்கு மறுநாளும். மூன்று வாரம் விடாமல் நின்றாள். கடைசியில் அவர் அலுத்துப்போய், "ஒரே வாரம். விரிப்பு எண்ணிக்கை குறைஞ்சா பழையபடிதான்" என்றார். எண்ணிக்கை குறையவில்லை. புது அட்டவணை சுவரில் ஏறியது.

வலி போய்விடவில்லை. காலையில் இரண்டு, சாயங்காலம் நாலு என்று அவளே மதிப்பெண் போட்டுக்கொள்வாள். ஒருநாள் மடிப்பு மேஜையில், அதுவரை வாயே திறக்காத ஒருத்தி சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள்.

"எனக்கும் இங்கேதான்க்கா. நாலு வருஷமா. சொன்னா யாரு நம்புவாங்கன்னு விட்டுட்டேன்."

சூட்டக்கா கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள். "சாப்பாட்டு மணி அடிக்கட்டும். மூணாவது மாடிக்குப் போறோம்."