திங்கட்கிழமைச் சங்கு

செம்பூரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் தொழிற்சாலையில் திங்கட்கிழமைதோறும் காலையில் அபாயச் சங்கை ஊதிப் பார்ப்பார்கள். வெறும் சோதனைதான். தெருவில் ஒருவரும் தலை தூக்க மாட்டார்கள். வடாபாவ் கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். என் அத்தை மட்டும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, மேல ஏறி வாலே! தண்ணி வருதுலே!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துவாள். கீழே லாரிகள் போய்க்கொண்டிருக்கும். சங்குக்குப் பழகியதுபோல அக்கம்பக்கத்தார் அவளுக்கும் பழகிவிட்டார்கள். எனக்குத்தான் கடைசிவரை தாங்க முடியவில்லை.

அத்தை பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், மலையடிவாரத்தில். மேலே மலையாற்றை மறித்து, மின்சாரத்துக்காகக் கட்டிய அணை. பகலெல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து, ஊர்களில் விளக்குப் போடும் நேரத்துக்குத் திறந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் சங்கு ஊதும். தலையில் சீயக்காய் இருந்தாலும் அப்படியே கரையேறிவிட வேண்டும் என்பது அங்கே நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். அத்தையும் அப்படி ஓடி ஏறி வளர்ந்தவள்தான்.

ஒருமுறை கோவில் கொடைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். அத்தையின் ஒரே மகன், எனக்கு நிச்சயம் செய்திருந்த அத்தான், நடு ஆற்றுப் பாறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சங்கு ஊதியது. குளித்துக்கொண்டிருந்த ஊர்ப் பெண்கள் ஈரத்துணியோடு மேலே ஓடினார்கள். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த அத்தான் அசையவில்லை. அத்தையும் குனிந்தபடி துணி அலசிக்கொண்டே இருந்தாள். செம்பூரில் கழிந்த அத்தனை வருஷத் திங்கட்கிழமைகள் அவள் காதையும் மரத்துப்போகச் செய்திருந்தன. படியில் தண்ணீர் ஏறி முழங்காலைத் தொட்டபோதுதான் நிமிர்ந்தாள். அவள் அலறினாள். அத்தான் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

"சும்மா டெஸ்டிங்மா!"

அதற்குமேல் அவர் குரலை நாங்கள் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பாறையும் தெரியவில்லை.

நான் வேறு கல்யாணம் வேண்டாமென்று அத்தையோடே இருந்துவிட்டேன். சங்கு கேட்காத இடமாகப் பார்த்து அவளைச் சான்பாடாவுக்கு அழைத்துப்போனேன். அங்கே திங்கட்கிழமை வந்தால் சோற்றில் கை வைக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கடைசியில் சொன்னாள்: "ஏட்டி, இங்க ஒண்ணுமே கேக்கல. அங்கன்னா வாரத்துக்கு ஒருதரமாவது அவன நேரத்தோட கூப்பிடுவேம்லா." மறுபடியும் செம்பூருக்கே வந்துவிட்டோம்.

இந்த மழைக்காலத்தில் அத்தை போய்ச் சேர்ந்தாள். இன்று திங்கட்கிழமை. அடுக்களையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கி முடித்துக் கையைக் கழுவும்போதுதான், சங்கு ஊதி ஓய்ந்து வெகுநேரமாகிவிட்டது என்பது உறைத்தது. நான் தலைகூடத் தூக்கவில்லை. அத்தானை இன்று யாரும் கூப்பிடவில்லை.