பூட்டினியா?

ஆறு தெருக்காரர்களுக்கும் அவர் மீட்டரக்கா. மின் அலுவலகத்தில் ரீடிங் எடுக்கும் வேலை, பத்தொன்பது வருடமாக. ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடுகள். எந்த வீட்டில் மீட்டர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது, எங்கே குளியலறைக்குப் பின்னால் குனிந்து பார்க்க வேண்டும், எந்த வீட்டு நாய் சங்கிலியை உருவிக்கொண்டு வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தோளில் பை, கையில் டார்ச், கீழே சைக்கிள்.

வாடகை வீடு இரண்டாம் மாடியில், இரண்டு அறை. கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆப்பரேட்டர். நாள் முழுக்க யாராவது மாடி எண் சொல்லிக்கொண்டே இருப்பதால் வீட்டுக்கு வந்தபின் யார் பேசினாலும் அவருக்குப் பிடிக்காது. ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள்.

சைக்கிள் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில். அக்கா சாப்பிட வந்தார். மாடிப்படிக்குக் கீழே எப்போதும் நிறுத்தும் மூலையில் நிறுத்தினார். சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு இறங்கி வந்தபோது மூலை காலியாக இருந்தது. தரையில் சைக்கிள் ஸ்டாண்டு பதிந்த தடம் மட்டும் இருந்தது.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் முதலில் கேட்டது, "பூட்டினீங்களா?"

"பூட்டினேன்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

சாயங்காலம் கணவர், சட்டையைக்கூடக் கழற்றாமல், "பூட்டினியா?" என்றார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அதையே கேட்டார். பில் இருக்கிறதா, சைக்கிள் நம்பர் தெரியுமா என்றும் கேட்டார். இரண்டும் இல்லை. ஆபீசில் சூப்பர்வைசர் கேட்டார். மகள் போனில், "அம்மா, உண்மையைச் சொல்லு, பூட்டினியா?" என்றாள்.

சாவி அக்காவின் பையில்தான் இருந்தது. ஆனால் சாவி பையில் இருப்பதும் பூட்டியதும் ஒன்றல்ல. பூட்டைத் தட்டிவிடாமல் சாவியை மட்டும் உருவியிருக்கலாம் அல்லவா? அன்று நல்ல பசி வேறு. ஐந்தாவது ஆள் கேட்டபோது, "பூட்டினதா ஞாபகம்" என்றார். அதற்குப் பிறகு அவர் பதில் அதுதான்.

நடக்க ஆரம்பித்தார். நூற்றிருபது எண்பதாகக் குறைந்தது. குதிகால் வெடித்தது. சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நடக்கும்போது ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் சைக்கிளை எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். பாதிப் பேர் பூட்டுவதே இல்லை. சிலர் முன்சக்கரத்தில் மட்டும் சங்கிலி போட்டிருந்தார்கள். ஒருவர் பூட்டிவிட்டு சாவியை சீட்டுக்கடியில் செருகி வைத்திருந்தார். இவர்களுடையதெல்லாம் போகவில்லை, என்னுடையது போயிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். கோபம்கூட வரவில்லை, அலுப்புதான்.

ஐந்தாவது வாரம். நான்காம் தெருவில் ஒரு வீட்டு நடையில் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடிவதற்கு முன்பே போய்விட்டு, மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் திரும்புவார். தெருவில் அவரை ரொட்டிக்காரர் என்பார்கள். அன்று அப்படித்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தடியான சங்கிலியை எடுத்து, சைக்கிளின் சட்டத்துக்குள்ளும் பின்சக்கரத்துக்குள்ளும் விட்டு, தூணைச் சுற்றிப் பூட்டினார். அப்புறம் பின்சக்கரப் பூட்டையும் தட்டினார். அதற்குப் பிறகு இரும்பு கேட்டையும் பூட்டப் போனார்.

"நான் இன்னும் உள்ளேதான் இருக்கேன், தம்பி" என்றார் அக்கா.

"அய்யோ, மன்னிச்சுக்கோங்கக்கா. இதுக்கு முன்னால ரெண்டு சைக்கிள் போயிடுச்சு. அதான் கை தானா பூட்டுது."

அக்கா சைக்கிளைப் பார்த்தார். சிவப்புப் பெயின்ட், புது சீட். அவருடையது கறுப்பு. ஆனால் கைப்பிடி லேசாக இடது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

"இது எப்போ வாங்கினது?"

"ஒரு மாசம் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ரிப்பேர் கடையில. ஏன்க்கா?"

"நேராப் போகணும்னா ஹேண்டிலைக் கொஞ்சம் இடது பக்கமா வெட்டிப் பிடிக்கணுமே?"

ரொட்டிக்காரர் ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவிதான் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். "ஹேண்டில் கோணலா இருக்கிற சைக்கிள் ஊர்ல ஆயிரம் இருக்கும். அதுக்கு என்ன இப்போ?"

"செயின் கவருக்கு உள்பக்கம் பாருங்கம்மா. கறுப்பு டேப் மூணு சுத்து சுத்தியிருக்கும். வயர்மேன் டேப். நான் சுத்தினது."

ரொட்டிக்காரர் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது காதெல்லாம் சிவந்திருந்தது.

"திருட்டு சைக்கிள்னு தெரிஞ்சா வாங்கியிருப்பேனாக்கா? இருங்க, ஒண்ணு காட்டறேன்." பின்சக்கரத்தை அணைத்து நிற்கும் இரண்டு கம்பிகளைத் தொட்டுக் காட்டினார். சிவப்புப் பெயின்டுக்கு அடியில் இரண்டிலும் ஆழமான கீறல். ஒரு கம்பி கொஞ்சம் வளைந்துகூட இருந்தது. "வாங்கும்போதே கேட்டேன், இது என்னன்னு. பழைய பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு, நெம்பி எடுத்தோம்னு கடைக்காரர் சொன்னார். இப்போதான் புரியுது, துருவெல்லாம் இல்லக்கா. பூட்டினதை யாரோ கடப்பாரை போட்டு நெம்பியிருக்காங்க."

அக்கா அந்தக் கீறலில் விரலை வைத்தார்.

"அப்போ நான் பூட்டியிருக்கேன்" என்றார்.

"பின்னே?"

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். ரொட்டிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மனைவி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். பூட்டியிருந்தேன் என்பதைத்தான் அக்கா பிற்பாடு மகளிடம் முதலில் சொன்னார். சைக்கிள் கிடைத்தது அவருக்கு இரண்டாவது செய்திதான்.

"எடுத்துக்கிட்டுப் போங்கக்கா" என்றார் ரொட்டிக்காரர்.

"நாளைக்கு வேலைக்கு?"

"நடக்க வேண்டியதுதான். ஒரு மணி நேரம் முன்னாடி எந்திரிக்கணும்."

அக்கா யோசித்தார். "சனிக்கிழமை வரைக்கும் வச்சிருங்க. அன்னைக்கு ரெண்டு பேருமா அந்தக் கடைக்குப் போவோம்."

வீட்டில் சொன்னபோது கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "திருடு போன சைக்கிளைக் கண்டுபிடிச்சு, திரும்ப அங்கேயே விட்டுட்டு வந்தியா?"

"ஆமா. பூட்டித்தான் இருக்கு" என்றார் அக்கா.

சனிக்கிழமை கடைக்காரர் முதலில் கையை விரித்தார். தொப்பி போட்ட யாரோ ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான், முன்னப்பின்னத் தெரியாது என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை. கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ரொட்டிக்காரர் பக்கத்தில் நின்றார். வருகிற போகிற வாடிக்கையாளர்கள் "என்ன மீட்டரக்கா, இங்கே?" என்று கேட்க, அக்கா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விவரமாகச் சொன்னார். நாலாவது வாடிக்கையாளருக்குச் சொல்லத் தொடங்கியபோது கடைக்காரர் உள்ளே போய், சிவப்புக்குப் பதிலாக ஒரு பச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து ரொட்டிக்காரர் கையில் கொடுத்தார். பிறகு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னார்கள். போலீஸ் கடைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தது. தொப்பிக்காரன் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ரொட்டிக்காரர் ஓர் இரும்பு வளையமும் கொஞ்சம் சிமென்டுமாக அக்கா வீட்டுக்கு வந்தார். "சக்கரத்தை மட்டும் பூட்டினா சைக்கிளை அப்படியே தூக்கிட்டுப் போயிடுவான். முன்சக்கரத்தை மட்டும் கம்பியில கட்டினா, அதைக் கழட்டி வச்சிட்டு மிச்சத்தைக் கொண்டு போவான். சட்டம், பின்சக்கரம், அசையாத பொருள், மூணையும் சேர்த்துப் பூட்டணும்க்கா" என்றார். சுவரில் ஆணி அடிக்கும் சத்தத்துக்கே வெளியே வந்துவிடும் வீட்டுக்காரர் அன்றும் வந்தார்.

"சுவத்துல கை வைக்கக் கூடாது."

"தரையில?"

வீட்டுக்காரர் குனிந்து வளையத்தைத் தூக்கிப் பார்த்தார். "என் மருமகளோட ஸ்கூட்டருக்கும் எட்டுமா?"

எட்டும்படி வைத்தார்கள். சிமென்ட் இறுக மூன்று நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றதும் அந்தப் பொறுப்பை வீட்டுக்காரரே எடுத்துக்கொண்டு, ஊற்றி ஊற்றி மாடிப்படிக்குக் கீழே குளமாக்கினார். சைக்கிள் நம்பரை அக்கா மூன்று இடத்தில் எழுதி வைத்தார். ஒன்று ஆபீஸ் மேஜையில், ஒன்று சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம், ஒன்று மகளின் போனில்.

ரீடிங் பழையபடி நூற்றிருபதுக்கு வந்துவிட்டது. நான்காம் தெருவில் ரொட்டிக்காரர் வீட்டில் இருக்கும் நாளென்றால் அக்கா அவரோடு பேசிக்கொண்டு நிற்பார். அவர் மனைவி மட்டும் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அந்தப் பச்சை சைக்கிள் சிவப்பு அளவுக்கு ஓடவில்லையாம். கேட்டைத் திறந்துவிட்டு, மீட்டர் பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அக்கா எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார்.