இரட்டைக்குழலில் பதிந்த கை

குடகில் நெல்லபாறண்டா குடும்பத்துப் பூவய்யாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். காப்பித் தோட்ட வேலை போக மிச்ச நேரமெல்லாம் அடுத்தவர் வீட்டுத் துப்பாக்கிகளைப் பற்றித்தான் கவலை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டுகூட, "மழைக்காலத்துல துப்பாக்கிய உறைக்குள்ள போடாதீங்கடா, உறை ஈரத்தக் குடிச்சிட்டு உக்காந்திருக்கும். எண்ணெயத் தடவி அடுப்புச் சூடு படற சுவத்துல மாட்டுங்க" என்று பாடம் நடத்துவார்.

அப்படிப்பட்ட மனுஷன் இந்த வருஷம் குடலிறக்க ஆபரேஷனுக்கு மைசூர் போன அவசரத்தில், குடும்பத்து இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கம்பளி வைத்துத் தைத்த உறைக்குள் திணித்து அலமாரியில் பூட்டிவிட்டுப் போய்விட்டார். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. திரும்பி வந்து உறையை அவிழ்த்தால், கருகருவென்று மின்னிய இரண்டு குழலும் செம்மண் பூசின மாதிரி துருப்பிடித்துக் கிடந்தன.

அவிழ்த்த நேரத்தையும் பாருங்கள்! உடம்பு விசாரிக்க வந்த உத்தய்யா அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பெரியப்பா மகன், குடும்பத்துக்கே மூத்தவர். ஆயுதங்களுக்குப் பூசை போடும் கைல்போல்து பண்டிகையன்று, பூசை முடிந்ததும் விளக்குக்கு முன்னாலிருந்து துப்பாக்கிகளை எடுத்து ஆளாளுக்குக் கொடுப்பவர் அவர்தான். சும்மா விடுவாரா?

"ஊர்ல எல்லாருக்கும் கிளாஸ் எடுத்தியே, உன் வீட்டுத் துப்பாக்கிக்கு இந்தக் கதியாடா?"

"பண்டிகைக்குள்ள புதுசாக்கிடறேண்ணா."

"ஆக்கு, பாக்கலாம். விளக்கு முன்னாடி வைக்கறப்போ ஒரு கறை தெரிஞ்சாலும் அது என் வீட்டுக்குப் போகும். உனக்கப்புறம் அத யாரு தூக்கப் போறா? இருக்கறது ஒரே பொண்ணு. அதுவும் இடதுகை!"

பூவய்யாவுக்குச் சுருக்கென்றது. மகள் போஜி விராஜ்பேட்டையில் கணக்கு டீச்சர். போன வருஷப் பண்டிகையில், மரத்தில் கட்டின தேங்காயைச் சுடும் போட்டியில், இடது தோளில் இதே துப்பாக்கியை வைத்து, மாமன் மச்சான் அத்தனை பேரையும் தோற்கடித்தவள். இந்தப் பண்டிகையில் அண்ணன் கையாலேயே அதை அவளிடம் கொடுக்க வைத்துவிட வேண்டும் என்று அவர் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார். இப்போது தன் மடத்தனத்தால் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டியது கைநழுவிப் போகும் போலிருந்தது. அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே வேலையை ஆரம்பித்தார். குழல்களைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு வெள்ளைவெளேரென்று தேய்த்து, சுண்ணாம்பால் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, வாயிலும் அடியிலும் மரக்கட்டை அடைத்தார். அந்தக் கட்டைதான் கைப்பிடி. அதற்குப் பிறகு இரும்பில் விரல் படக் கூடாது. அமிலக் கரைசலை மெல்லிசாகத் தடவி, வெந்நீர் அண்டாவின் ஆவி சுற்றும் குளியலறையில் கட்டித் தொங்கவிட்டார். விடிந்தால் பொன்னிறமாகத் துரு பூத்திருக்கும். கூரைத் தண்ணீர் வடிகிற தகரத்தில் ஒரு துண்டை வெட்டித் தொட்டியாக்கி, அதில் மழைத் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் குழல்களை முக்குவார். சிவப்பு கறுப்பாக மாறும். மேலே நிற்கிற தூளை மெல்லிய கம்பி பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மறுபடி கரைசல், மறுபடி துரு, மறுபடி கொதி. ஒவ்வொரு தடவையும் கறுப்பு இன்னும் கொஞ்சம் ஆழமாகும். அந்தக் கறுப்புதான் இனித் துரு அண்டாமல் காவல்.

"பாத்தியா சோண்டம்மா, கெடுத்த மழையையே வேலைக்கு வெச்சுட்டேன்!" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

"நல்லா வெச்சீங்க. குளிக்கப் போனா உங்க துப்பாக்கிக்கு நான் ஒதுங்கி நிக்க வேண்டியிருக்கு."

வெளியாள் ஒருத்தரிடமும் அவர் மூச்சு விடவில்லை. முடித்துக் காட்டி அண்ணனை அசத்த வேண்டுமாம். அந்த ஆசைதான் வினையானது.

பண்டிகைக்கு முந்தின வாரம் உத்தய்யா வந்தபோது பூவய்யா தோட்டத்தில் இருந்தார். சோண்டம்மா அரிசி உருண்டைக் கடம்புட்டும் பன்றிக்கறியும் பரிமாறினாள். பல் கூசுகிற கறுப்புக் காடியான கச்சம்புளி தாராளமாக விட்ட கறி. உத்தய்யா விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார். கை கழுவக் குளியலறைக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சாமிக்குச் சமமான துப்பாக்கி, குளிக்கிற இடத்தில், உடம்பெல்லாம் துருவோடு தொங்குகிறது! பதறிப்போய்க் கறிக்கையோடு குழலைக் கப்பென்று பிடித்து, தோள்துண்டால் அரக்கித் தேய்க்க ஆரம்பித்தார்.

பூவய்யா உள்ளே வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "அய்யோ அண்ணா! விடுங்க! தொடாதீங்க!"

"என்னடா தொடாதீங்க? நல்ல வேளை நான் பாத்தேன். போன தடவைய விடத் துரு ஏறிக் கிடக்கு!"

"அது நானே ஏத்தின துருண்ணா! துருவ வெச்சுத்தான் கறுப்பு ஏத்தணும். எண்ணெய்க் கை பட்டா அந்த இடம் பிடிக்காது, கறை நிக்கும்."

"யாருகிட்ட விடற கதை? துருவ வளர்க்கறானாம், நான் தொட்டா கறையாம்! போடா, வேலையப் பாரு." கையைக் கழுவிக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு கிளம்பிவிட்டார்.

பூவய்யா சுண்ணாம்பு போட்டுக் கழுவினார். மறுபடி மறுபடி துருவேற்றிக் கொதிக்க வைத்தார். கொழுப்பு போயிற்று. ஆனால் கச்சம்புளி தின்ற இடம் தின்றதுதான். முதலிலிருந்து தேய்த்து ஆரம்பிக்க நாள் இல்லை. குழல் இரண்டும் ஈர இரவு மாதிரி கறுத்து மின்ன, நடுவில் நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தன.

"பண்டிகையில நான் சொல்லிடுவேன், யாரு கைன்னு" என்றாள் சோண்டம்மா.

"மூச்! விளக்கு முன்னாடி மூத்தவர அவமானப்படுத்தக் கூடாது. போனா போகுது."

பண்டிகையன்று குடும்பமே கூடியிருந்தது. விளக்குக்கு முன்னால் துப்பாக்கிகள் சந்தனம் வைத்து, வாயில் செங்காந்தள் செருகி வரிசையாக நின்றன. பூசை முடிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்த உத்தய்யா, இரட்டைக்குழலை எடுத்துக் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். முகம் மலர்ந்தது.

"பலே, வேலைக்காரன்தான்டா நீ!" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "இதென்ன கறை?"

சோண்டம்மா வாயைத் திறந்தாள். பூவய்யா அவள் காலை மிதித்தார்.

உத்தய்யா கறையைத் தடவிப் பார்த்தார். விரல்கள் தாமாகவே ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. கட்டைவிரல் உட்பட, கொஞ்சமும் பிசகவில்லை. கையை எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்துப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துபோனார்.

"இது என் கைடா!" என்றார் எல்லாருக்கும் கேட்க. "அன்னிக்கே சொன்னான், இந்தக் கிழவன் கேக்கல. பன்னிக்கறி தின்ன கையோட புடிச்சேன்!"

கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. உத்தய்யாவும் வயிறு குலுங்கச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கறை போட்டவனே துப்பாக்கியத் தூக்கிட்டுப் போனா அடுக்குமா? போஜி, வாம்மா இங்க. புடி, பாக்கலாம்."

போஜி முன்னால் வந்து நமஸ்கரித்து வாங்கினாள். பழக்கப்படி இடது தோளில் வைத்து, வலதுகையை நீட்டிக் குழலைப் பிடித்தாள். அவள் விரல்கள் சரியாக அந்தச் சாம்பல் தடங்களின் மேல் விழுந்தன.

உத்தய்யா குனிந்து உற்றுப் பார்த்தார். "என் வலதுகைத் தடம், இடதுகைக்காரிக்குன்னே பாத்து வெச்ச மாதிரி இருக்கே! அந்தக் கறைய யாரும் தேய்க்கக் கூடாது, சொல்லிட்டேன்."

வெளியே மரத்தில் தேங்காய் கட்டியாகிவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். போஜி துப்பாக்கியோடு முன்னால் நடக்க, பெரியப்பா உத்தய்யா தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனார்.